வில்லெம் ஐந்தோவன்

வில்லெம் ஐந்தோவன் (மே 21, 1860 – செப்டம்பர் 29, 1927) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் உடலியங்கியல் அறிஞரும் ஆவார். இதயம் துடிக்கும்போது அதில் தோன்றும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் திரிபின்றிப் பதிவு செய்யும் இழைக் கால்வனோமானி என்னும் கருவியை உருவாக்கியவர் இவரே. இதய மின்னலை வரைவின் இயங்குமுறையைக் கண்டறிந்தமைக்காக 1924 ஆம் ஆண்டின் மருத்துவத்திற்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

மக்கள் வழக்கில் ஈ.சி.ஜி. எனப்படும் இவ்வரைவு மாரடைப்பைக் கண்டறிய உதவுவதைப் பலரும் அறிவர். நீரிழிவு நோயாளிகளின் இதயத்துக்குச் செல்லும் நரம்புகள் பழுதடைந்துள்ளனவா என்பதையும் அதே வரைவைக் கொண்டு அறியலாம் என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. ஐந்தோவன் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே இப்பயன்பாடு உருப்பெற்றது. எனினும் அதற்கு வேண்டிய அளவுகோல் அவர் வகுத்ததே.

இளமைக் காலம்

ஐந்தோவன் சாவகத் தீவின் வடகரையில் உள்ள செமாராங் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அன்று அது டச்சுக் கிழக்கிந்தியாவின் பகுதி. இன்று இந்தோனேசியாவில் உள்ளது. தந்தை யாக்கோப் ஐந்தோவன் முதலில் படை மருத்துவராகவும் பின்னர் செமாராங் நகர மருத்துவராகவும் பணியாற்றியவர். தாய் லூயிசு டி வோகல். ஆறு பிள்ளைகளில் வில்லெம் மூன்றாமவர், ஆண்மக்களில் மூத்தவர்.

வில்லெமுக்கு ஆறு வயதாக இருந்தபோது தந்தை இறந்தார். குடும்பம் மேலும் நான்கு ஆண்டுகள் சாவகத்திலேயே வாழ்ந்தது. 1870 ஆம் ஆண்டின் இறுதியில் தாய் ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்து திரும்பி, உத்ரெக்ட் நகரில் குடியேறினார். பத்து வயது வரை வெப்பமண்டலக் கடற்கரையில் வளர்ந்த சிறுவனுக்கு அதுவே சொந்த நாட்டின் முதற் காட்சி.

1878 இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். தந்தையைப் போல மருத்துவராக வேண்டும் என்பதே அப்போதைய எண்ணம். உடற்பயிற்சியில் மிகுந்த நாட்டம் கொண்டிருந்தார். சீருடற்பயிற்சி, வாள்வீச்சு ஆகியவற்றுக்கான சங்கத்தின் தலைவராக இருந்தார். உத்ரெக்ட் மாணவர் படகோட்டச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். ஒருமுறை பயிற்சியின்போது விழுந்து மணிக்கட்டு எலும்பை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையுடன் வீட்டில் இருந்த நாட்களில், முன்கையைப் புரட்டும்போது தோளும் முழங்கையும் எவ்வாறு அசைகின்றன என்று ஆராயத் தொடங்கினார். முழங்கை மூட்டின் இயக்கம் பற்றிய அக்கட்டுரையே அவரது முதல் ஆய்வு வெளியீடாக அமைந்தது.

பின்னர் புகழ்பெற்ற கண் மருத்துவ அறிஞர் பிரான்சு டோண்டர்சு அவர்களின் வழிகாட்டலில், நிற வேறுபாட்டால் பொருள்கள் முன்னும் பின்னுமாகத் தோன்றுவது குறித்து ஆராய்ந்து 1885 இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், இருபத்தைந்து வயதிலேயே, லைடன் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். மருத்துவத் தேர்வை முடித்துக்கொண்டு 1886 இல் பொறுப்பேற்றார். இறக்கும்வரை நாற்பத்தொரு ஆண்டுகள் அப்பதவியிலேயே இருந்தார். 1886 இல் தம் உறவினரான பிரெடெரிக் டி வோகலை மணந்தார். இவர்களுக்கு மூன்று பெண்மக்களும் ஓர் ஆண்மகனும் பிறந்தனர்.

உப்புநீரில் நின்ற நாய்

இதயத் தசை சுருங்கும்போது மின்னோட்டம் தோன்றுகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தவளை இதயத்தைக் கொண்டு அறியப்பட்டிருந்தது. மார்பைத் திறக்காமல் மனிதரிடம் அதனை முதன்முதலில் பதிவு செய்தவர் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய அகசுட்டசு வாலர், ஆண்டு 1887. 1889 இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நடைபெற்ற முதல் அனைத்துலக உடலியங்கியல் மாநாட்டில் வாலர் இதனைச் செய்து காட்டினார். பார்வையாளருள் இளம் ஐந்தோவனும் ஒருவர்.

வாலரின் சோதனைகளில் பெரும்பங்கு கொண்டது சிம்மி என்னும் அவரது வளர்ப்பு நாய். அதன் கால்கள் உப்புக் கரைசல் நிறைந்த கலங்களில் நிறுத்தப்பட்டு, அக்கலங்களிலிருந்து கம்பிகள் அளவிக்குச் சென்றன. இது விலங்குவதை என்று 1909 இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்ததும், கலத்தில் இருந்தது வெறும் சமையல் உப்புதான் என்று அமைச்சர் விளக்கம் அளிக்க நேர்ந்ததும் மருத்துவ வரலாற்றின் சுவையான நிகழ்வுகள்.

உப்புநீர் எதற்கு என்ற ஐயம் எழலாம். உலர்ந்த தோல் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. உப்பு நீரில் கரையும்போது சோடியம், குளோரைடு ஆகிய மின்னணுத் துகள்களாகப் பிரிந்து, மின்சாரத்தை நன்கு கடத்தும் நீர்மமாகிறது. தோலுக்கும் கம்பிக்கும் இடையே பாலமாகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்து செல்வோர் இருபுறமும் காணும் உப்பளப் பாத்திகளில் உள்ள நீரும் இத்தகைய மின்கடத்தியே. ஐந்தோவனும் தம் சோதனைகளில் இதே முறையைக் கையாண்டார். நோயாளியின் இரு கைகளும் ஓர் இடக்காலும் உப்புநீர்க் கலங்களில் அமிழ்ந்திருக்கும் ஒளிப்படம் இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. இப்போது மருத்துவமனைகளில் மின்வாய்களின் அடியில் தடவப்படும் கூழ், அந்த உப்புநீரின் வழித்தோன்றலே.

நுண்துளை மின்மானியும் திருத்தமும்

வாலர் பயன்படுத்திய கருவி, பிரான்சின் கபிரியேல் லிப்மான் அமைத்த நுண்துளை மின்மானி. மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசமும் நீர்த்த கந்தக அமிலமும் சந்திக்கும் பரப்பு, மின்னழுத்தம் மாறும்போது சற்றே ஏறி இறங்கும். அந்த அசைவைப் பெருக்கி ஒளிப்படத் தகட்டில் பதிப்பர். பாதரசம் கனமானது, விரைவான மாற்றத்தைத் தொடர இயலாமல் பின்தங்கிவிடும். ஆகவே கிடைத்த வரைவு மழுங்கியதாகவும் உண்மையினின்று வேறுபட்டதாகவும் இருந்தது. லைடனில் ஐந்தோவனின் ஆய்வகத்துக்கு வெளியே வண்டிகள் செல்லும்போது தரை அதிர்ந்து வரைவைக் கெடுத்தது மற்றொரு தொல்லை.

ஐந்தோவன் இக்குறையைக் கணிதத்தால் வென்றார். பாதரசம் எவ்வளவு பின்தங்கும் என்பதைக் கணக்கிட்டு, பதிவான வரைவிலிருந்து உண்மையான அலையைத் தருவித்தார். மருத்துவப் படிப்பில் அக்காலத்தில் உயர்கணிதம் இல்லை. லைடனில் உடன் பணியாற்றிய இயற்பியலாளர் லொரென்சு எழுதிய நுண்கணித நூலைக் கொண்டு தாமே பயின்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

திருத்தாத வரைவின் முகடுகளுக்கு ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டதால், 1895 இல் வெளியிட்ட திருத்திய வரைவின் முகடுகளுக்கும் பள்ளங்களுக்கும் பி, கியூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டார். வடிவியலில் புள்ளிகளைப் பி எழுத்திலிருந்து குறிக்கும் வழக்கம் டெக்கார்ட்டேயின் காலத்திலிருந்து இருந்து வந்தது. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்யும் இவ்வைந்து எழுத்துகளுக்கு இதயத்தோடு வேறெவ்விதத் தொடர்பும் இல்லை. பி என்பது மேலறைகளும், கியூ-ஆர்-எஸ் என்பது கீழறைகளும் மின்னூட்டம் பெறுவதையும், டி என்பது கீழறைகள் மீண்டும் ஓய்வுநிலைக்குத் திரும்புவதையும் காட்டுகின்றன.

இழைக் கால்வனோமானி

ஒவ்வொரு நோயாளிக்கும் பல மணிநேரம் கணக்கிட்டுக்கொண்டிருப்பது மருத்துவத்துக்கு உதவாது. திருத்தம் தேவைப்படாத கருவியே வேண்டும் என ஐந்தோவன் முடிவு செய்தார். நோக்க வேண்டிய மின்னழுத்தமோ ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். கைவிளக்கில் இடும் ஒரு மின்கலத்தின் அழுத்தத்தில் 1500 இல் ஒரு பங்கு.

1901 இல் முதலில் அறிவித்து, 1903 இல் விரிவாக விளக்கிய அவரது கருவியின் அமைப்பு கருத்தளவில் எளியது. வலிமையான மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே மயிரிழையைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லிய இழை ஒன்று கட்டப்பட்டிருக்கும். அதனூடே மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் இழையைப் பக்கவாட்டில் தள்ளும். காந்த முனைகளில் இட்ட துளை வழியே ஒளியைச் செலுத்தி, இழையின் நிழலை உருப்பெருக்கி, நகரும் ஒளிப்படத் தகட்டின்மேல் விழச் செய்வர். இழைக்கு எடை இல்லாததுபோல் இருப்பதால், பாதரசம் போலப் பின்தங்குவதில்லை.

அந்த இழையைச் செய்வதுதான் அரிது. படிகக்கல்லை உருக்கி, உருகிய துளியை அம்பின் நுனியில் ஒட்டி, அம்பை ஆய்வகத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு எய்வர். அம்பின் பின்னே துளி நீண்டு, கண்ணுக்குப் புலப்படாத நூலாக இறுகும். அதனைத் தேடி எடுத்து, மின்சாரம் கடத்துமாறு வெள்ளி பூசவேண்டும். இம்முறையை இங்கிலாந்தின் சார்லசு பாய்சு முன்னரே கண்டிருந்தார்.

முழுக் கருவியும் ஏறத்தாழ 270 கிலோகிராம் எடை கொண்டது. இரண்டு அறைகளை அடைத்தது. இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டனர். மின்காந்தம் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

பிரான்சின் கிளெமென் ஆடேர் என்பவர் 1897 இல் கடலடித் தந்திச் செய்திகளைப் பதிவு செய்ய இதையொத்த இழைக்கருவி ஒன்றை அமைத்திருந்தார். இதனை வைத்து ஐந்தோவனின் முன்னுரிமையை மறுத்தோர் உண்டு. ஐந்தோவன் தம் முதற் கட்டுரையிலேயே ஆடேரைக் குறிப்பிட்டுள்ளார். ஆடேரின் கருவியால் இதய மின்னோட்டத்தைப் பதிவு செய்திருக்க இயலாது என்பதால், இவ்விவாதம் அவ்வளவு வலுவானதன்று.

ஐந்தோவனின் பங்களிப்புகளுள் கருவியைவிட நிலைத்து நின்றது அவர் விதித்த அளவுமுறை எனலாம். தகடு நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகரவேண்டும். ஒரு மில்லிவோல்ட் அழுத்தம் பத்து மில்லிமீட்டர் உயரமாகப் பதியவேண்டும். இவ்வாறு வரையறுத்ததால் லைடனில் எடுத்த வரைவை இலண்டனிலும் சென்னையிலும் ஒரே பொருளில் படிக்க முடிந்தது. இழைகளும் காந்தங்களும் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டன; இந்த இரு எண்கள் மட்டும் மாறவில்லை.

தொலைவிலிருந்து இதயம்

கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்ல முடியாது. மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியை ஆய்வகத்துக்குக் கொண்டுவருவதும் கடினம். ஐந்தோவன் தொலைபேசிக் கம்பியை நாடினார். 1905 மார்ச்சு மாதத்தில், ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து இதய மின்னோட்டம் கம்பி வழியே ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டுப் பதிவானது. தொலைமருத்துவத்தின் முதல் நிகழ்வுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. இவ்வாறு பெற்ற வரைவுகளை 1906 இல் வெளியிட்டார். இதய அறைகளின் பருமன் பெருக்கம், முந்து துடிப்புகள், முழு இதயத் தடை, மேலறைகளின் ஒழுங்கற்ற துடிப்பு என்று பின்னாளில் பாடநூல்களில் இடம்பெற்ற பலவற்றின் வரைவுகள் அக்கட்டுரையிலேயே உள்ளன. மருத்துவமனையுடனான அந்த ஏற்பாடு நெடுங்காலம் நீடிக்கவில்லை.

நரம்புகளை நோக்கி

ஐந்தோவன் இதயத்தை மட்டும் ஆராய்ந்தவர் அல்லர். அதே இழைக்கருவியைக் கொண்டு இதய ஒலிகளைப் பதிவு செய்தார். 1908 இல், மூளையிலிருந்து கழுத்து வழியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் செல்லும் அலையும் நரம்பில் ஓடும் மின்னோட்டத்தை நாயிடம் பதிவு செய்தார். அந்நரம்பின் மின்னோட்டத்தில் மூச்சோடு இசைந்து எழும் அலைகளும் இதயத் துடிப்போடு இசைந்து எழும் அலைகளும் இருந்தன. மூச்சும் இதயமும் ஒரே நரம்பில் சந்திக்கின்றன என்பதைக் காட்டிய இப்பதிவு, அவரது புகழ்பெற்ற கண்டுபிடிப்புகளின் நிழலில் மறைந்துவிட்டது. நீரிழிவு மருத்துவத்தின் கோணத்திலிருந்து பார்த்தால், அது பெற்ற கவனத்தைவிட மிகுந்த கவனத்துக்கு உரியது.

கருவி பரவுதல்

முதலில் மியூனிக் நகரின் எடல்மான் நிறுவனம் கருவியைத் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிமத்தொகை கொடுத்தது. பின்னர் கொடுக்கத் தேவையில்லை எனக் கருதி நிறுத்திக்கொண்டது. ஐந்தோவன் இங்கிலாந்தின் கேம்பிரிட்சு அறிவியல் கருவி நிறுவனத்தை அணுகினார். அதனை நடத்திவந்தவர் படிமலர்ச்சிக் கொள்கையை வகுத்த சார்லசு டார்வினின் மகன் ஓரசு டார்வின். அந்நிறுவனத்தின் கருவியை 1908 இல் முதலில் வாங்கியவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் எட்வர்டு சேபர்.

இலண்டனின் தாமசு லூயிசு இக்கருவியைக் கொண்டு இதயத்துடிப்பின் ஒழுங்கின்மைகளை விரிவாக ஆராய்ந்தார். ஆய்வகத்தின் கருவி மருத்துவரின் கருவியானதில் லூயிசுக்குப் பெரும்பங்கு உண்டு. வாலர் மட்டும், மருத்துவமனைகளில் இது பரவலாகப் பயன்படும் என 1911 வரையிலும் நம்பவில்லை.

1913 இல் ஐந்தோவன், உடன் ஆய்வாளர்கள் பார், டி வார்ட் ஆகியோருடன் சேர்ந்து, இரு கைகளையும் இடக்காலையும் மூன்று முனைகளாகக் கொண்ட முக்கோணத்தின் நடுவில் இதயம் இருப்பதாகக் கருதி, மின்விசையின் திசையைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். இது ஐந்தோவன் முக்கோணம் எனப்படுகிறது. முதல் இணைப்பின் அளவையும் மூன்றாம் இணைப்பின் அளவையும் கூட்டினால் இரண்டாம் இணைப்பின் அளவு கிடைக்கும் என்பது ஐந்தோவன் விதி. கம்பிகள் மாற்றிப் பொருத்தப்பட்டால் வரைவின் வடிவங்கள் தலைகீழாகிவிடும் என்பதால், தொழில்நுட்பர்கள் இம்முக்கோணத்தை நன்கு அறிந்திருக்க வேண்டும். தற்காலப் பன்னிரண்டு இணைப்புகளுள் முதல் மூன்று ஐந்தோவனுடையவை. மார்பின் மேல் வைக்கப்படும் ஆறு இணைப்புகளும் ஏனைய மூன்றும் 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் சேர்க்கப்பட்டவை.

நோபல் பரிசும் மறைவும்

1924 இல் ஐக்கிய அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தபோது, நோபல் பரிசு தமக்கு வழங்கப்பட்ட செய்தியை ஐந்தோவன் பாசுடன் நகரில் அறிந்தார். முன்னோடியான வாலர் 1922 இலேயே இறந்துவிட்டதால் பரிசில் பங்குபெறும் வாய்ப்பு அவருக்கு இல்லாமற் போயிற்று.

கருவியை உருவாக்குவதில் நெடுங்காலம் உழைத்த ஆய்வக உதவியாளர் வான் டெர் வூர்டு அப்போது உயிரோடு இல்லை. அவருடைய சகோதரிகள் இருவர் வறுமையில் வாழ்வதைத் தேடி அறிந்து, பரிசுத்தொகையில் பாதியை ஐந்தோவன் அவர்களுக்கு அளித்ததாகக் கூறப்படுகிறது.

இறுதி ஆண்டுகளில், பொறியாளரான மகன் வில்லெம் பிரெடெரிக்குடன் சேர்ந்து வெற்றிடத்தில் இயங்கும் இழைக்கருவியை அமைத்தார். சாவகத்துக்கும் நெதர்லாந்துக்கும் இடையிலான வானொலித் தந்தியைப் பெற அது பயன்படுத்தப்பட்டது. நீண்டகால நோய்க்குப் பின் 1927 செப்டம்பரில் லைடனில் காலமானார். அருகிலுள்ள ஊகசுட்கீசுட்டு ஊரின் தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். நிலவின் மறுபக்கத்தில் உள்ள பெரும்பள்ளம் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

நீரிழிவும் இதய நரம்புகளும்

ஐந்தோவனின் காலத்திலேயே, 1921–22 இல், கனடாவின் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது. அதுவரை விரைவில் இறந்துவிட்ட இளம் நோயாளிகள் பல்லாண்டு வாழத் தொடங்கினர். அவ்வாறு வாழ்ந்தவர்களிடமே கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பழுதுகள் மெல்ல வெளிப்பட்டன.

இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நீளமான நரம்பிழைகள் முதலில் பாதிக்கப்படுகின்றன. காலில் எரிச்சலும் மரத்துப்போதலும் தோன்றுவது இதனாலேயே. தன்னியக்க நரம்புகளுள் மிக நீளமானது அலையும் நரம்பு. இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் கடிவாளமும் அதுவே. அது பழுதடைந்தால் ஓய்விலும் இதயம் விரைந்து துடிக்கும். மூச்சுக்கும் அசைவுக்கும் ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளாமல் கடிகாரம்போல ஒரே சீராக ஓடும். பின்னர் பரிவு நரம்புகளும் கெடும்போது, எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் வீழ்ந்து தலைசுற்றும். வலியை உணர்த்தும் நரம்புகளும் பழுதாவதால் மாரடைப்பே வலியின்றி வந்து போகக்கூடும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சையிலும் இத்தகையோருக்கு இடர் மிகுதி.

சீராகத் துடிக்கும் இதயமே நல்ல இதயம் என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு மாறானது. நலமான, குறிப்பாக இளம் வயதினரின் இதயம், மூச்சை இழுக்கும்போது சற்று விரைந்தும் விடும்போது சற்றுத் தாழ்ந்தும் துடிக்கும். 1908 இல் ஐந்தோவன் கண்ட மூச்சலைகளின் விளைவு இது. 1973 இல் இலண்டன் கிங்சு கல்லூரி மருத்துவமனையின் வீலர், வாட்கின்சு ஆகியோர் நீரிழிவு நரம்புப் பழுது உள்ளவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் மறைந்திருப்பதைக் காட்டினர். தொடர்ந்து எடின்பரோவில் டேவிட் யூயிங், பாசில் கிளார்க் ஆகியோர் ஐந்து எளிய சோதனைகளைத் தொகுத்தனர். கேம்பிரிட்சுக் கருவி முதன்முதலில் சென்ற நகரும் எடின்பரோதான் என்பது தற்செயல்.

அவற்றுள் மிக எளியது ஆழ்மூச்சுச் சோதனை. நோயாளி அமைதியாக அமர்ந்து, ஐந்து நொடி இழுத்து ஐந்து நொடி விட்டு, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் ஒரு நிமிடம் மூச்சுவிட வேண்டும். அப்போது தொடர்ந்து வரைவு எடுக்கப்படும். ஐந்தோவன் விதித்த வேகத்தில் தாள் நகர்வதால், ஓர் ஆர் முகட்டிலிருந்து அடுத்த ஆர் முகடு வரையுள்ள தொலைவை மில்லிமீட்டரில் அளந்து 1500 ஐ அதனால் வகுத்தால், அக்கணத்தின் நிமிடத் துடிப்பு வேகம் கிடைக்கும். மிகக் குறுகிய இடைவெளி 18 மில்லிமீட்டர் என்றால் வேகம் 83, மிக நீண்டது 25 மில்லிமீட்டர் என்றால் 60, வேறுபாடு 23. நரம்பு பழுதான ஒருவரிடம் அவை 15, 15.5 என்று இருக்கலாம். வேகம் 100, 97. வேறுபாடு வெறும் 3. எடின்பரோ அளவுப்படி 15 அல்லது அதற்கு மேல் இயல்பானது. 10 அல்லது அதற்குக் கீழ் பழுதைக் காட்டுவது. ஓர் அளவுகோலும் ஒரு கடிகாரமும் போதும்.

இரண்டாவது, எழுந்து நிற்கும் சோதனை. நலமானவரிடம் நின்றபின் ஏறத்தாழ 15 ஆம் துடிப்பில் இதயம் மிக விரைந்தும் 30 ஆம் துடிப்பில் தாழ்ந்தும் துடிக்கும். 30 ஆம் துடிப்பையொட்டிய நீண்ட இடைவெளியை 15 ஆம் துடிப்பையொட்டிய குறுகிய இடைவெளியால் வகுக்கும்போது 1.04 அல்லது அதற்கு மேல் வரவேண்டும், 1.00 அல்லது குறைந்தால் பழுது. மூன்றாவது, வாயால் ஊதி அழுத்தத்தை 15 நொடி தாங்கும் சோதனை. விழித்திரையில் இரத்தக் கசிவு அச்சம் உள்ளவர்களுக்கு இது தவிர்க்கப்படுகிறது. ஏனைய இரண்டும் இரத்த அழுத்தத்தை அளப்பவை.

இச்சோதனைகள் வெறும் ஆர்வத்துக்கானவை அல்ல. எடின்பரோ குழுவினர் 1980 இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறிகளோடு சோதனை முடிவும் பழுதாக இருந்தோரில் சுமார் பாதிப் பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்திருந்தனர். அவர்கள் நோய் முற்றிய நிலையில் இருந்தவர்கள். பின்வந்த ஆய்வுகளில் இறப்பு அவ்வளவு மிகுதியாக இல்லை. ஆயினும் பழுது உள்ளவர்களுக்கு இடர் கூடுதல் என்பது மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டுள்ளது. ஆகவே, இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவுடனும், முதல் வகையில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் தன்னியக்க நரம்புப் பழுதுக்கான அறிகுறிகளைப் பார்க்கவேண்டும் என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைக்கிறது.

சோதனைக்கு வரம்புகளும் உண்டு. வயது கூடக்கூட ஏற்ற இறக்கம் இயல்பாகவே குறையும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள், காப்பி, புகையிலை ஆகியவை முடிவை மாற்றும். இதயத்துடிப்பே ஒழுங்கற்றவர்களிடம் இதனைச் செய்ய இயலாது. மேலும், வழக்கமாகப் படுக்கவைத்து எடுக்கும் பத்து நொடி வரைவு இயல்பாக இருப்பதால் மட்டும் நரம்புகள் நலமாக உள்ளன என்று பொருளாகாது. ஆழ்ந்து மூச்சு விடும்போதும் எழுந்து நிற்கும்போதும் எடுத்தால்தான் பழுது தெரியும்.

தமிழகச் சூழல்

தமிழகத்தில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு 1948 இல் சென்னை இசுடான்லி மருத்துவமனையில் மருத்துவர் மு. விசுவநாதன் அவர்களால் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய பிரிவு அதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது. 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். நோய் நகரங்களோடு நிற்கவில்லை. கடற்கரைச் சிற்றூர்களையும் எட்டியுள்ளது.

மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி போன்ற உப்பளப் பகுதிகளில் இச்சோதனைக்குத் தனிப் பொருத்தம் உண்டு. உப்பு விளையும் காலம் கடும் வெயிற் காலமே. பாத்தியில் குனிந்து உப்பு வாருவோருக்கு வியர்வையால் நீரும் உப்பும் இழப்பாகி, நிமிரும்போது கண் இருண்டு தலைசுற்றுவது பொதுவானது. நீரிழிவு நரம்புப் பழுதின் அறிகுறியும் இதுவே. இரண்டையும் வெறும் பேச்சைக் கொண்டு பிரித்தறிவது கடினம். ஒருவர் நீர் அருந்தி, நிழலில் இளைப்பாறி, உடல் தேறிய பின்னும் ஆழ்மூச்சு வரைவில் ஏற்ற இறக்கம் இல்லையென்றால், வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அத்தகையவர் தலைசுற்றலைப் பொருட்படுத்தாமல் மறுநாளும் வெயிலில் இறங்குவது இடர் மிக்கது. மூச்சுத்திணறல், காரணமற்ற வியர்வை, திடீர்ச் சோர்வு ஆகியவை வலியில்லாவிட்டாலும் மாரடைப்பாக இருக்கக்கூடும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

270 கிலோகிராம் எடையிருந்த கருவி இப்போது கைப்பையில் அடங்குகிறது. இதய வரைவுக் கருவி உள்ள எந்த மருத்துவ நிலையத்திலும் ஆழ்மூச்சுச் சோதனையைச் செய்யமுடியும். தாள் ஒரு நிமிடம் தொடர்ந்து ஓடவேண்டும், அவ்வளவே.